தப்பிச்சுப் போனவங்க கதை



நைட் டூட்டியில் ரெண்டு மணிக்கு மேல கொஞ்சம் அமைதி கிடைச்சா, டீயை வச்சுக்கிட்டு நான் படிக்கிறது ஒரே ஒரு வகைக் கதைதான். போர்க்காலத்தில் எதிரியோட மண்ணில் மாட்டிக்கிட்டு, அங்கிருந்து உயிரோட தப்பிச்சு வந்த சிப்பாய்களின் கதை.

காலேஜ் நாள்ல தொத்திக்கிட்ட பழக்கம். இன்னும் விடல.

அப்படிப் படிச்சுக்கிட்டிருந்த ஒரு ராத்திரி, என் வார்டில் இருந்தே ஒருத்தர் தப்பிச்சுப் போயிட்டார்.

இந்த த்ரெட் அவரைப் பற்றியது. கூடவே நார்வே நாட்டுக் கமாண்டோ ஒருத்தரும், பாகிஸ்தான் சிறைச் சுவரைக் குடைந்த மூணு இந்திய விமானிகளும் வருவாங்க. கொஞ்சம் நீளம்தான். உங்க வீட்ல சுகர் பேஷன்ட் யாராவது இருந்தா கடைசி வரைக்கும் வந்துருங்க.

(நோயாளியின் அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

*

நான் வேலை பார்ப்பது பெரம்பலூர், அரியலூர் பகுதியில் ஒரு அரசு மருத்துவமனை. ஒரு பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் விளையுற கரிசல் காடு. இன்னொரு பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரி, சிமெண்ட் லாரி. கிழக்க போனா முந்திரிக்காடு.

எந்தக் காட்டுக்குப் போனாலும் ஒண்ணு மட்டும் பொது. நம்ம ஆளு செருப்பைக் கழட்டி வரப்புல வச்சுட்டுத்தான் காட்டுக்குள்ள கால் வைப்பார். அது ஒரு மரியாதை. அதைத் தப்புன்னு நான் சொல்ல முடியாது.

ஆனா மக்காச்சோளம் அறுத்த காட்டில் தட்டையோட அடிக்கட்டை ஈட்டி மாதிரி நிக்கும். நல்ல காலா இருந்தா குத்தினதும் "ஆ"ன்னு தூக்கிடுவோம். சுகர் இருக்கிற காலுக்கு அது தெரியாது. சாயங்காலம் வீட்ல கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துதான் தெரியும். சில பேருக்கு ரெண்டு வாரம் கழிச்சு, நாத்தத்தை வச்சுத்தான் தெரியும்.

அப்படித்தான் வந்தார் அவர். அம்பத்தி சொச்சம் வயசு. எட்டு வருஷமா சுகர். வலது காலில் பெருவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்துப் போய், அதைச் சுத்தி வீங்கி, சீழ் வச்சிருந்தது.

"வலிச்சுதா?"

"வலியே இல்லைங்க சார். அதான் விட்டுட்டேன்."

இந்த ஒரு வரியை நான் வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்கிறேன்.

அட்மிட் பண்ணி, கையில் வென்ஃப்ளான் போட்டு, ஆன்டிபயாடிக் ஏத்தி, இன்சுலின் ஆரம்பிச்சோம். சர்ஜன் சார் வந்து பார்த்துட்டு, அந்த விரலை எடுத்தாத்தான் பாதம் தப்பும்னு சொல்லிட்டார். அதை நோயாளிகிட்ட சொல்ற வேலை எனக்கு.

சொன்னேன். ரவுண்ட்ஸ் நேரம். அரை நிமிஷத்தில் சொன்னேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை நாள் சார் ஆகும்?"

"முதல்ல உயிரைப் பாருங்க. நாள் கணக்கெல்லாம் அப்புறம்" என்றேன். அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன்.

இந்தக் கேள்வியையும் என் பதிலையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

விடியக்காலை நாலரைக்கு சிஸ்டர் வந்து சொன்னாங்க. "சார், அந்தக் கால் புண் பேஷன்ட்டைக் காணோம்."

போய்ப் பார்த்தேன். பெட்ஷீட்டை அழகா மடிச்சு வச்சிருந்தார். தலையணைக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த மாத்திரை. கட்டிலுக்குக் கீழே செருப்பு இல்லை. கையில் போட்ட வென்ஃப்ளானோட போயிருக்கார். துண்டால் கையை மூடிக்கிட்டு முதல் பஸ் பிடிச்சார்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: "அப்ஸ்காண்டட்". சொல்லாமல் தப்பிச்சுப் போனார்.

எழுதும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது. மறைக்கல. ராத்திரி முழுக்க ஓடி ஓடிப் பார்க்கிறோம், இவங்களுக்குப் புரியுதான்னு நினைச்சேன். கோபத்தோட போய், பாதியில் விட்ட கதையை எடுத்தேன்.

அது யான் பால்ஸ்ரூட் கதை.

*

1943 மார்ச். நார்வே ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. நாட்டை விட்டு வெளியேறிய நார்வே இளைஞர்களைச் சேர்த்து, பிரிட்டனில் பயிற்சி கொடுத்து, ஒரு சிறப்புப் படை உருவாக்கியிருந்தாங்க. பேரு கொம்பனி லிங்கே. வேலை: சொந்த நாட்டுக்குள்ளேயே ரகசியமாப் போய் எதிரியின் தளங்களைத் தகர்ப்பது.

மார்ச் 24-ஆம் தேதி ஷெட்லாண்ட் தீவில் இருந்து பிராட்ஹோம் என்ற மீன்பிடிப் படகில் 12 பேர் கிளம்பினார்கள். படகோட்டிகள் 8, கமாண்டோக்கள் 4. படகு நிறைய வெடிமருந்து. நார்வேயின் வடகோடியில் ஜெர்மானியர் வைத்திருந்த விமானத்தளம் இலக்கு.

போய்ச் சேர்ந்ததும் உள்ளூரில் உதவ வேண்டிய கடைக்காரரைத் தேடிப் போனார்கள். அந்த மனிதர் இறந்துபோயிருந்தார். கடையை எடுத்து நடத்தியவருக்கும் அதே பெயர். நம்பிப் பேசிட்டாங்க. அவர், இது ஜெர்மன்காரன் நமக்கு வைக்கிற சோதனையோன்னு பயந்துட்டார். தகவல் போயிடுச்சு.

மார்ச் 30. ஜெர்மன் கப்பல் வந்து வழியை அடைச்சது. இவங்களே தங்கள் படகை வெடிக்க வச்சுட்டு, உறைபனித் தண்ணியில் குதிச்சாங்க.

12 பேரில் 11 பேர் உயிரோட மிஞ்சல. சிலர் அங்கேயே, சிலர் சித்திரவதையில், சிலர் துப்பாக்கிப் படைக்கு முன்னால.

தப்பினவர் ஒருத்தர். யான் பால்ஸ்ரூட். வயசு 25. கால் பெருவிரலில் குண்டடி. ஒரு பூட்ஸ் தொலைஞ்சு போச்சு. துரத்தி வந்த அதிகாரியைச் சுட்டுட்டு, ஒரு கால் வெறும் காலா பனியில் ஏறி ஓடினார். அப்புறம் மறுபடி கடலில் இறங்கி அடுத்த தீவுக்கு நீந்தினார்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி, ஒரு டாக்டரா ஒண்ணு சொல்லிடறேன்.

இந்த மாதிரிக் கதைகளில் நாம துப்பாக்கியைத்தான் பார்ப்போம். ஆனா நிறைய இடத்தில் ஆளைக் கொல்றது குளிர்தான். நம்ம உடம்பு 37 டிகிரியில் ஓடுற எஞ்சின். 35-க்குக் கீழே போனாலே ஆபத்து ஆரம்பம். முதலில் நடுக்கம் வரும். நடுங்குறது நல்லது, தசைகள் ஆடி ஆடிச் சூடு உண்டாக்குது. இன்னும் கீழே போனா நடுக்கம் நின்னுடும். அப்போ மனுஷனுக்கு நிதானம் தப்பும், தூக்கம் வரும், சில பேர் உடம்பு எரியுதுன்னு துணியைக்கூடக் கழட்டிடுவாங்க. தண்ணிக்குள்ள இருந்தா, அதே அளவு குளிர்ந்த காத்தைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா சூடு போயிடும்.

பாலைவனத்தில்கூட இது நடந்திருக்கு. 1991 வளைகுடாப் போரில் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படை 8 பேரை மேற்கு ஈராக்குக்குள் இறக்கியது. அந்த ரோந்தின் பெயர் பிராவோ டூ ஸீரோ. எதிரி கண்ணில் பட்டதும் சிரியா எல்லையை நோக்கி நடந்தாங்க. 4 பேர் பிடிபட்டாங்க. 3 பேர் இறந்தாங்க. அந்த மூணில் குண்டடி பட்டு இறந்தது ஒருத்தர். மத்த ரெண்டு பேரைக் கொன்னது குளிர். ஒரே ஒருத்தர் சுமார் 300 கிலோமீட்டர் நடந்து எல்லை தாண்டினார்.

சரி, நார்வேக்கு வருவோம்.

நனைஞ்ச துணியோட, ஒரு கால் வெறும் காலோட, அடுத்த தீவின் கரையில் கிடந்தவரை முதலில் பார்த்தது ரெண்டு சின்னப் பொண்ணுங்க. வீட்டுக்குக் கூட்டிப் போனாங்க. அந்த வீட்டில் காய்ந்த துணி, சூடான சாப்பாடு, காலுக்கு ஒரு பூட்ஸ். அங்கிருந்து ஒருத்தர் படகில் அடுத்த ஊர். அந்த ஊரில் இன்னொருத்தர் வீடு.

இவரை ஒளிச்சு வச்சது தெரிஞ்சா மொத்தக் குடும்பத்துக்கும் ஆபத்து. அது அந்த வீடு ஒவ்வொண்ணுக்கும் தெரியும்.

அப்புறம் மலை. பனிச்சரிவு அவரை உருட்டிப் போட்டது. பனியின் வெளிச்சம் பட்டுப் பட்டு கண் தெரியாமப் போச்சு. நாள் கணக்கில் மலையில் திசை தெரியாம அலைஞ்சு, கடைசியில் முட்டிக்கிட்டு விழுந்தது ஃபுரூஃப்ளாட்டன் என்ற ஊரில் ஒரு வீட்டு வாசலில். க்ரென்வோல் குடும்பம். கொட்டகையில் ஒளிச்சு வச்சாங்க.

அதுக்குள்ள கால் போயிடுச்சு.

உறைபனியில் என்ன ஆகும்? விரல் நுனியில் இருக்கிற ரத்தக் குழாய்கள் சுருங்கும். திசுக்குள்ள பனிப் படிகம் உண்டாகும். ரத்தம் உறையும். ஓட்டம் நின்ன இடம் செத்துப் போகும், கறுக்கும். செத்த பாகத்தில் கிருமி ஏறினா, அது மேலே மேலே வரும். கடைசியில் ரத்தம் முழுக்கப் பரவி ஆளையே கொண்டு போகும். இதுதான் கேங்ரீன்.

மெதுவாக் கவனிங்க. செத்த விரல் வலிக்காது.

நார்வேயில் குளிர் செஞ்சதை, நம்ம ஊர்ல சுகர் செய்யுது. குளிருக்குச் சில மணி நேரம் போதும். சுகர் பத்து வருஷம் எடுத்துக்கும். முதலில் நரம்பு மரத்துப் போகும். அப்புறம் ரத்தக் குழாய் அடைக்கும். அதுக்கு மேல ஒரு சின்னக் காயம் போதும். நார்வே கமாண்டோவின் காலும் நம்ம மக்காச்சோள விவசாயியின் காலும் கடைசியில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஊர்க்காரங்க பால்ஸ்ரூடைப் படகில் கடலின் அந்தப் பக்கம் கொண்டு போய், ஆளில்லாத ஒரு மரக் குடிசையில் படுக்க வச்சாங்க. அதுக்கு "ஹோட்டல் சவாய்"னு கிண்டலா ஒரு பேரு. புயல் வந்து யாராலும் அங்க போக முடியாத நாட்களில், அவர் அங்கே தனியா கிடந்தார். அப்புறம் ஸ்லெட்ஜில் கட்டி மலை மேல ஏத்தினாங்க. அந்தப் பக்கத்து ஊரான மாண்டாலனில் இருந்து ஆட்கள் வந்து வாங்கிக்கிட்டுப் போகணும்னு ஏற்பாடு. பனிப்புயல். வர முடியல. மலை உச்சியில் ஒரு பாறை ஓரத்தில், பனிக்குழிக்குள்ள வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்.

அங்கதான் கால் விரல்களை அவரே கத்தியால் எடுத்தார். மொத்தம் 9. மயக்க மருந்து இல்லை. கேங்ரீன் மேலே ஏறாம இருக்க வேற வழி இல்லை.

(இதைப் படிச்சுட்டு யாரும் பிளேடால் கால் ஆணியை வெட்டாதீங்க. அவருக்கு வேற வழி இல்லை. உங்களுக்கு ஜி.எச். இருக்கு.)

ஒவ்வொரு முறையும் ஊர்க்காரங்க பல மணி நேரம் பனியில் ஏறி வந்து, உயிர் இருக்கான்னு பார்த்து, சாப்பாடு கொடுத்துட்டு இறங்கினாங்க. கடைசியில் கலைமான் மேய்க்கிற பழங்குடி மக்கள் வந்து, கலைமான் இழுக்கிற வண்டியில் அவரைக் கட்டி ஸ்வீடனுக்குக் கொண்டு சேர்த்தாங்க. அந்தப் பழங்குடி இனத்தின் பெயர் சாமி. நம்ம காதுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.

அது ஜூன் மாதத் தொடக்கம். மார்ச் 30-ல் கடலில் குதிச்சவர். ரெண்டு மாசம்.

ஸ்வீடன் ஆஸ்பத்திரியில் பல மாதம் இருந்து, விரல் இல்லாத காலால் மறுபடி நடக்கப் பழகினார். ஸ்காட்லாந்து போய் மத்தவங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் முடியும் நேரத்தில் மறுபடி நார்வேக்குள்ளேயே வந்து வேலை செஞ்சார். 1988-ல் இறந்தார்.

இவரைப் பற்றி டேவிட் ஹோவர்த் 1955-ல் எழுதின புகழ்பெற்ற புத்தகத்தின் பெயர் "வீ டை அலோன்". நாம தனியாத்தான் சாகிறோம்னு அர்த்தம். தலைப்பு சரியா இருக்கலாம். ஆனா அந்தக் கதையில் ஒரு மனுஷன் பிழைச்சது தனியா இல்லை. ரெண்டு சின்னப் பொண்ணுங்க, ஒரு படகுக்காரர், ஒரு கொட்டகை, மலை ஏறி இறங்கின ஆட்கள், கலைமான் மேய்ப்பவர்கள். இதில் ஒரு கை விட்டுப் போயிருந்தாலும் அவர் இல்லை. அவருக்கே அது தெரியும். அவர் சாம்பலை மாண்டாலனில், தனக்கு உதவிய அஸ்லாக் ஃபோஸ்வோலின் கல்லறையிலேயே அடக்கம் பண்ணியிருக்காங்க.

*

அந்தக் காலை டூட்டி முடிஞ்சு பைக்கில் வீட்டுக்குப் போகும்போது, எனக்குள்ள ஒரு கேள்வி உட்கார்ந்துக்கிச்சு.

பால்ஸ்ரூட் எதுக்காக ஓடினார்னு எனக்குத் தெரியும். நம்ம ஆளு எதுக்காக ஓடினார்?

கத்திக்குப் பயந்துன்னு நான் முடிவு பண்ணியிருந்தேன். கேட்டேனா? கேட்கல.

*

இப்போ நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். இவங்க கமாண்டோக்கள் இல்லை. விமானிகள். ஆனா எதிரி மண்ணில் இருந்து தப்பிக்கிற இந்தியக் கதைகளில் இதை மிஞ்ச ஒண்ணு நான் படிச்சதில்லை.

1971 போர். ஃப்ளைட் லெப்டினன்ட் திலீப் பருல்கரின் விமானம் டிசம்பர் 10-ஆம் தேதி பாகிஸ்தானில் சுடப்பட்டது. பாராசூட்டில் இறங்கினார், கைதானார். போர் அதே மாதம் முடிஞ்சது. கைதிகள் விடுதலை மட்டும் மாசக்கணக்கா இழுத்தது. ராவல்பிண்டி முகாமில் இந்திய விமானிகள் 12 பேர்.

பருல்கர், மல்விந்தர் சிங் கிரேவால், ஹரீஷ் சிங்ஜி. இந்த மூணு பேரும் அறையின் பின்சுவரைச் செங்கல் செங்கலாப் பேர்க்க ஆரம்பிச்சாங்க. கூட இருந்தவங்க யாரும் சும்மா இல்லை. காந்தம் ஏத்தின ஊசியில் திசைகாட்டி செஞ்சு கொடுத்தாங்க. சத்தம் வெளியே கேட்காம, காவலர் கண்ணில் படாம பார்த்துக்கிட்டாங்க. பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்து மேப் வரைஞ்சாங்க. உள்ளூர்க்காரர் மாதிரி பதான் உடை தயாராச்சு.

1972 ஆகஸ்ட் 12 ராத்திரி. நல்ல புயல் மழை. ஆகஸ்ட் 14 பாகிஸ்தானின் சுதந்திர தினம், காவலர்கள் விடுமுறை நினைப்பில். நள்ளிரவு தாண்டி மூணு பேரும் ஓட்டை வழியா வெளியே வந்தாங்க. மதில் தாண்டி, ஊருக்குள் கலந்து, பஸ் பிடிச்சாங்க. ஆமா, பஸ். பெஷாவர் போய், அங்கிருந்து கைபர் கணவாய் வழியா லண்டி கோட்டல் வரைக்கும் போயிட்டாங்க. ஆப்கானிஸ்தான் எல்லைக்கு இன்னும் 4 மைல்தான்.

அங்க ஒரு கேள்வி கேட்டாங்க. "லண்டி கானாவுக்கு எப்படிப் போறது?"

மேப்பில் எல்லைக்கு முந்தின ரயில்வே ஸ்டேஷன் அது. ஆனா அந்த ஸ்டேஷனை 1932-லேயே மூடிட்டாங்க. நாப்பது வருஷம் முன்னாடி மூடின ஸ்டேஷனுக்கு வழி கேட்கிறவன் உள்ளூர்க்காரனா இருக்க முடியுமா? நம்ம ஊர்ல ஒருத்தன் வந்து, இடிச்சுட்ட டூரிங் டாக்கீஸில் இன்னைக்கு என்ன படம்னு கேட்ட மாதிரி ஆயிடுச்சு. சந்தேகம் வந்து பிடிச்சுட்டாங்க.

உளவாளின்னு நினைச்சு அங்கேயே முடிச்சிருப்பாங்க. அந்த நேரத்தில் பருல்கர் ஒரு பெயரைச் சொன்னார். ஸ்குவாட்ரன் லீடர் உஸ்மான் ஹமீத். ராவல்பிண்டி முகாமில் இவங்களைக் கண்ணியமா நடத்தின பாகிஸ்தான் அதிகாரி. அவருக்கு போன் போட வச்சார். அவங்க போர்க்கைதிகள், ஒண்ணும் பண்ணாதீங்கன்னு அவர் சொன்ன சொல்தான் மூணு உயிரையும் காப்பாத்தியது.

எதிரி நாட்டு அதிகாரி. அந்தக் கை இல்லைன்னா இந்தக் கதையைச் சொல்ல அவங்க இருந்திருக்க மாட்டாங்க. 1972 டிசம்பர் 1-ஆம் தேதி மத்த கைதிகளோட இவங்களும் வாகா எல்லை வழியா இந்தியா திரும்பினாங்க.

இதில் இன்னொரு விஷயம். 1949 ஜெனீவா மூணாவது உடன்படிக்கைப்படி, தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கிட்ட போர்க்கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான் எடுக்கலாம். அதுவும் ஒரு தண்டனை 30 நாளுக்கு மேல போகக் கூடாது. காரணம் எளிமையானது. தப்பிக்க நினைக்கிறது குற்றம் இல்லை, வீட்டுக்குப் போகணும்னு நினைக்கிறது மனுஷ இயல்புன்னு போரில் அடிச்சுக்கிட்ட நாடுகளே ஒத்துக்கிட்டிருக்கு.

வார்டில் இருந்து ஓடின நோயாளி திரும்பி வந்தா நாங்க எத்தனை நாள் திட்டுவோம்னு யோசிச்சுப் பார்த்தேன். எந்த உடன்படிக்கையும் எங்களைக் கட்டுப்படுத்தல.

*

நாலாவது நாள் அவர் திரும்பி வந்தார். 108-ல.

எப்படி வந்தார்னு கேளுங்க.

அவங்க ஊருக்கு பி.பி., சுகர் மாத்திரை கொடுக்கப் போற மக்களைத் தேடி மருத்துவம் அக்கா, வழக்கம் போல வீட்டுக்குப் போயிருக்காங்க. 2021-ல் ஆரம்பிச்ச திட்டம். அவங்க கண்ணில் முதலில் பட்டது கையில் இருந்த வென்ஃப்ளான். "இது என்னண்ணே?"ன்னு கேட்டிருக்காங்க. "ஒண்ணுமில்லம்மா"ன்னு மறைச்சிருக்கார். அக்கா விடல. கால் கட்டைப் பிரிக்கச் சொன்னாங்க. பார்த்த உடனே கிராம செவிலியருக்கு போன்.

"நான் வரலை, டாக்டர் திட்டுவார்"னு சொல்லியிருக்கார்.

அப்பதான் அக்கா நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாங்க. "அண்ணே, ஏன் ஓடியாந்தீங்க?"

பசு மாடு. நிறைமாசம். இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போடணும். மகன் திருப்பூரில் வேலை. சம்சாரத்துக்கு இடுப்பு வலி, ஒத்தையாளா பார்க்க முடியாது. போன தடவை கன்னு போடும்போது கால் திரும்பி மாட்டிக்கிட்டு, ராத்திரி முழுக்க இவர்தான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கார். அந்தப் பால் பணத்தில்தான் வீட்டுச் செலவு, கூட்டுறவு சங்கத்துக் கடன்.

"எத்தனை நாள் சார் ஆகும்?"

இப்போ புரியுதா அந்தக் கேள்வி? அது கத்திக்குப் பயந்தவன் கேள்வி இல்லை. அவர் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தார். நான் பதில் சொல்லாததால், அவரே ஒரு பதிலை வச்சுக்கிட்டு முதல் பஸ்ஸுக்குப் போயிட்டார்.

அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா? பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரைக் கூட்டி வந்து, மாட்டைப் பார்த்துக்க ஒத்துக்க வச்சாங்க. பால் ஊத்துற பையன்கிட்ட, காலையில் கறந்து கொண்டு போகச் சொன்னாங்க. கால்நடை மருந்தகத்து நம்பரை வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வச்சாங்க. அப்புறம் 108-க்கு போன் பண்ணாங்க. வண்டியில் ஏறும்போது அந்தப் பெரியவர் சொன்னாராம்: "மாட்டை நான் பாத்துக்கிறேன்டா, நீ காலைப் பாரு."

ரெண்டு சின்னப் பொண்ணுங்க, ஒரு படகுக்காரர், ஒரு கொட்டகை. எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஆனா அந்த நாலு நாளுக்கு விலை உண்டு. ஒரு விரலோட முடிஞ்சிருக்க வேண்டியது, மூணு விரல் ஆயிடுச்சு. பாதம் தப்பிச்சது. கால் தப்பிச்சது. ரெண்டு விரல் அதிகமாப் போனதில் என் அரை நிமிஷத்துக்கும் பங்கு இருக்கு. அதை அவர்கிட்டயே சொன்னேன். சிரிச்சுட்டு, "விடுங்க சார், கெடேரிக் கன்னு" என்றார். போனில் போட்டோ காட்டினார்.

*

சரி நண்பர்களே. உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்.

சுகர் இருக்கிறவங்க, தினமும் ராத்திரி படுக்கப் போகும்போது ரெண்டு காலையும் பாருங்க. விரல் இடுக்கு, உள்ளங்கால், குதிகால். குனிஞ்சு பார்க்க முடியலையா, தரையில் ஒரு கண்ணாடியைப் போட்டுப் பாருங்க. இல்லைன்னா பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்க.

வலி இல்லைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. மரத்துப் போன காலுக்கு வலி தெரியாது. புண், கறுப்பு, வீக்கம், நாத்தம், நீர் வடியுறது, இதில் எது இருந்தாலும் அன்னைக்கே வாங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க.

காட்டுக்குள்ள செருப்போட இறங்குங்க. மண்ணுக்கு மரியாதை மனசுல இருந்தா போதும். பாதத்துக்கு மெத்துன்னு இருக்கிற எம்.சி.ஆர். செருப்பு நல்லது. போடும் முன்னாடி உள்ளே கல்லு, முள்ளு இருக்கான்னு கையை விட்டுப் பாருங்க.

மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம், ஹாட் பேக், அடுப்புச் சூடு எதுவும் வேண்டாம். சுட்டாலும் தெரியாது. கால் ஆணியை பிளேடால் வெட்டவே கூடாது.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது அரசு மருத்துவமனையில் கால் பரிசோதனை பண்ணிக்கோங்க. மோனோஃபிலமென்ட்னு ஒரு மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் வச்சு அழுத்திப் பார்ப்போம். அது தெரியலைன்னா உங்க கால் ஆபத்தில் இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை. காசு கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க தெருவில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் படுத்தா, ஆப்பிள், ஹார்லிக்ஸ் வாங்கிக்கிட்டுப் பார்க்க வர்றதை விட, "உங்க மாட்டை நான் பாத்துக்கிறேன்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. "பிள்ளையை ஸ்கூலுக்கு நான் விடறேன்"னு சொல்லுங்க. எங்க ஆன்டிபயாடிக் அஞ்சு நாள் முழுசா உடம்புக்குள்ள ஏற வைக்கிறது அந்த வார்த்தைதான்.

என் சக மருத்துவர்களுக்கு: நோயாளி "எத்தனை நாள் ஆகும்"னு கேட்டா, பதில் சொல்லும் முன்னாடி "ஏன், வீட்ல என்ன வேலை இருக்கு?"னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

நான் இப்போ அட்மிஷன் போடும்போது கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு வரி எழுதறேன். எந்த ஃபார்மிலும் அதுக்குக் கட்டம் கிடையாது. "மாடு: மச்சான் பார்க்கிறார்." "கடை: பூட்டி இருக்கு." "பொண்ணுக்குப் பரீட்சை, 14-ஆம் தேதி வரை." அப்படி.

அந்த மூலை காலியா இருந்தா, சாயங்கால ரவுண்ட்ஸில் அந்த பெட்டுக்கு முதலில் போறேன்.